பழைய கிட்டார் பிக்கப் ஊமையாகிவிட்டதா? மாற்றும் முன் மீட்டரை வையுங்க

தாத்தாவோட ஆர்ச்டாப் கிட்டாரை ஆம்ப்ல மாட்டினா சத்தமே வரலையா? உடனே புது பிக்கப் வாங்கிடாதீங்க. ஒலியும் மாறும், கிட்டாரின் விலையும் இறங்கும்.

கிப்சன் 1946-ல் கொண்டுவந்த பி-90 பிக்கப்பையே எடுத்துக்குவோம். அடியில் காந்தம், மேலே தலைமுடி கனத்தில் செப்புக் கம்பி, சுமார் 10,000 சுற்று. கம்பம்மெட்டு மாதிரி மழையும் பனிமூட்டமும் உள்ள மலையூரில் ஈரம் ஏறினால் அந்தக் கம்பி பச்சை பிடித்து அறுந்துபோகலாம்.

பிக்கப் வயரைக் கழற்றி மல்டிமீட்டரை வையுங்க. 8 கிலோ ஓம் பக்கம் காட்டினால் காயில் அநேகமா நல்லாதான் இருக்கு. வால்யூம் கன்ட்ரோல், ஜாக்கைப் பாருங்க. எண்ணே வரவில்லையா? கம்பி அறுந்திருக்கு. வெளிமுனையில் அறுந்திருந்தால் ஒரு சொட்டு ஈயப்பற்று போதும். உள்ளே என்றால்தான் ரீவைண்டிங். அப்பவும் பழைய காந்தத்தைக் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்க.