உராய்வுநீக்கி எண்ணெயும் அதனை வைக்கும் கொள்கலனும்

இயந்திரத்தில் ஒன்றோடொன்று உரசும் பகுதிகளுக்கிடையே மெல்லிய படையாக நின்று, உராய்வையும் தேய்வையும் குறைக்கும் திரவமே உராய்வுநீக்கி எண்ணெய் ஆகும். மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலையாயினும் வன்னியிலுள்ள அரிசி ஆலையாயினும் இவ்வெண்ணெய் இன்றி ஒருநாளும் இயங்காது. இதன் பயன்களை மாணவர்கள் நன்றாகவே மனனம் செய்துவிடுகின்றனர். களஞ்சியப்படுத்தல் என்று வந்ததும் “குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்” என ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர். ஏன் என்று கேட்டால் பதில் வருவதில்லை. இங்கு அந்த ‘ஏன்’ என்பதையே பார்ப்போம்.

தொழிற்சாலைகளுக்கு இவ்வெண்ணெய் பெரும்பாலும் 200 லீற்றர் அளவான உருக்குப் பீப்பாய்களில் வருகிறது. பீப்பாயின் மேல்தட்டில் 2 அங்குலத் திருகுமூடி ஒன்றும் அதற்கு எதிர்ப்புறத்தில் முக்கால் அங்குலத் திருகுமூடி ஒன்றும் இருக்கும். தட்டைச் சுற்றி விளிம்பு உயர்ந்திருக்கும். இதனை வெளியில் நிறுத்தி வைத்தால் மழைநீர் வடியாமல் மேல்தட்டில் தேங்கி, மூடிகளை மூடி நிற்கும். மூடி இறுக்கமாகத்தானே உள்ளது, நீர் எப்படி உள்ளே போகும்?

விடை வெப்ப விரிவில் உள்ளது. வெயிலில் பீப்பாயின் வெப்பநிலை 25 பாகை செல்சியசிலிருந்து 45 பாகைக்கு உயர்கிறது எனக் கொள்வோம். எண்ணெயின் கனவளவு விரிவுக் குணகம் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.0007 ஆகும்.

கனவளவு அதிகரிப்பு = 200 × 0.0007 × 20 = 2.8 லீற்றர்

உருக்குப் பீப்பாயும் விரியும். ஆயினும் அது மிகச் சிறிதளவே. எனவே எண்ணெய்க்கு மேலுள்ள வளி நெருக்கப்படும். அவ்வளியும் சூடாவதால் உள்ளமுக்கம் கூடும். மூடியின் புரிகளுக்கூடாகவும் பழைய வாசர் ஊடாகவும் சிறிதளவு வளி வெளியேறும். பின்னேரம் மழை பெய்ததும் பீப்பாய் சடுதியாகக் குளிரும். எண்ணெயும் வளியும் சுருங்கும். உள்ளமுக்கம் வளிமண்டல அமுக்கத்திலும் குறையும். அப்போது மூடியின் மேல் நிற்பது வளியன்று, நீர். ஆகவே நீரே உள்ளே தள்ளப்படும். பகலில் வெயிலும் மாலையில் மழையும் மாறி மாறி வரும் நமது நாட்டில் இது நாள்தோறும் நடக்கக்கூடியது. பீப்பாய் “மூச்சு விடுகிறது” என்று இதனைக் கூறுவர். விடையில் “மழைநீர் உட்புகும்” என்று மட்டும் எழுதாது, அமுக்க வேறுபாட்டையும் குறிப்பிடுக.

உட்புகுந்த நீர் எண்ணெயிலும் அடர்த்தி கூடியது. எனவே அடியில் தங்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு எண்ணெய் சுத்தமாகவே தெரியும். இயந்திரத்தினுள் சென்று கலக்கப்படும்போதுதான் அது பால்போல வெண்மையாகும். நீர் புகுந்த இடத்தில் எண்ணெய்ப் படை உடையும், போதிகைகள் துருப்பிடிக்கும், எண்ணெயின் ஒட்சியேற்றமும் விரைவாகும். ஒரு வாளி எண்ணெயின் விலை எங்கே, போதிகை உடைந்து ஆலை நின்றுபோவதால் ஏற்படும் நட்டம் எங்கே!

பீப்பாயைக் கூரையின் கீழ் வைப்பதே சிறந்தது. வெளியில்தான் வைக்க வேண்டுமெனில், மரக்குற்றிகளின் மேல் படுக்க வைத்து, இரு மூடிகளும் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி நிலைகளில் அமையுமாறு திருப்ப வேண்டும். அப்போது உள்ளே இரு மூடிகளையும் எண்ணெய் மூடியிருக்கும். வளியோ நீரோ உட்புகாது. கசிவு இருந்தாலும் உடனே தெரியும். படுக்க வைக்க இடமில்லாவிடில், ஒருபக்க அடியில் கட்டை வைத்துச் சரித்து, தேங்கும் நீர் மூடிகளை எட்டாதவாறு செய்யலாம்.

அடுத்தது, கொள்கலன் எதனால் ஆனது என்பது. ஊறுகாயை அம்மா ஏன் அலுமினியச் சட்டியில் வைப்பதில்லை? அமிலம் உலோகத்தைத் தாக்கும் என்பதால்தான். எண்ணெயிலும் அதன் சேர்பொருள்களாலும் ஒட்சியேற்றத்தாலும் உண்டாகும் அமிலத்தன்மையுள்ள பதார்த்தங்கள் உள்ளன. நாகமுலாம் பூசிய தண்ணீர் வாளியில் எண்ணெயை வைத்தால், இவை நாகத்துடன் தாக்கமுற்று நாகச் சவர்க்காரத்தைத் தோற்றுவிக்கும். இக்களி வடிகட்டிகளை அடைத்துவிடும். செம்பும் உகந்ததன்று, அது ஒட்சியேற்றத்திற்கு ஊக்கியாகத் தொழிற்படும். உருக்கு அல்லது உயரடர்த்திப் பொலித்தீன் கொள்கலனே ஏற்றது. இரண்டாவது வகையின் அடியில் முக்கோணக் குறியினுள் 2 என்ற இலக்கம் இருக்கும்.

பீப்பாயிலிருந்து சிறு கொள்கலனுக்கு மாற்றும்போதே பெரும்பாலும் தூசு சேர்கிறது. தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோமீற்றர். போதிகையின் எண்ணெய்ப் படையோ சில மைக்கிரோமீற்றர்தான். சிலவேளை ஒன்றிலும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத மணல் துணிக்கையே அங்கு பாறாங்கல். ஆகவே திறந்த வாளி, நூல் உதிரும் துணி, சுவரில் தொங்கும் தூசுபடிந்த புனல் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும். மூடியுள்ள கொள்கலனை ஒரே வகை எண்ணெய்க்கு மட்டும் பயன்படுத்தி, பெயரும் இலக்கமும் எழுதி ஒட்டுக. 46, 68 போன்ற இலக்கங்கள் 40 பாகை செல்சியசில் எண்ணெயின் பிசுக்குமையைக் குறிப்பன. மாற்றி ஊற்றினால் படையின் தடிப்பு மாறிவிடும். முதலில் வந்த பீப்பாயை முதலில் எடுத்து முடிக்க வேண்டும் என்பது வணிகக் கல்வியில் நீங்கள் படித்ததே.

சோடாப் போத்தலில் எண்ணெய் ஊற்றி வைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. இது மிக ஆபத்தானது. குழந்தையொன்று அதனைக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யக்கூடாது. மெல்லிய எண்ணெய் சுவாசப்பைக்குள் செல்லக்கூடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பயிற்சி வினா: முற்றத்தில் ஆறு மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்ட, முத்திரை உடைக்கப்படாத பீப்பாயிலிருந்து, அடிவரை செல்லும் குழாயுள்ள கைப்பம்பியால் எண்ணெய் எடுத்தபோது முதலில் நீர் வந்தது.
(அ) நீர் உட்புகுந்த விதத்தை விளக்குக.
(ஆ) நீர் முதலில் வந்தமைக்குக் காரணம் யாது?
(இ) பீப்பாயை முற்றத்திலேயே வைத்துக்கொண்டு இதனைத் தவிர்த்திருக்கக்கூடிய வழிகள் இரண்டு தருக.