தடுப்பாட்டத்தில் தொடங்கிய வெற்றி

2023 ஜனவரியில் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பையில் இந்திய ஆடவர் ஹாக்கி அணியால் காலிறுதிக்குள்கூட நுழைய முடியவில்லை. நியூசிலாந்திடம் ஷூட் அவுட்டில் தோற்று, கடைசியில் ஒன்பதாம் இடத்தில் நின்றது. பயிற்சியாளர் கிரகாம் ரீட் பதவி விலகினார். மார்ச் மாதம் அந்தப் பொறுப்பு தென்னாப்பிரிக்கரான கிரெய்க் ஃபுல்டனுக்கு வந்தது. அயர்லாந்தை ரியோ ஒலிம்பிக்குக்கு அழைத்துச் சென்றவர் அவர்; டோக்கியோவில் தங்கம் வென்ற பெல்ஜியத்துக்குத் துணைப் பயிற்சியாளராகவும் இருந்தவர்.

அவர் கைக்கு வந்த முன்கள வீரர்களில் அரியலூரைச் சேர்ந்த செல்வம் கார்த்தியும் ஒருவர். சிமெண்ட் ஆலைகளுக்குப் பேர்போன அந்த ஊருக்கு ஹாக்கியில் பெரிய பின்னணி கிடையாது. கோவில்பட்டியில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் ஹாக்கி விடுதிதான் அவரை வளர்த்தது. 2022 மே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்குச் சென்ற இளம் அணியில் அவரும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் இடம்பிடித்தார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தின் ஒன்பதாவது நிமிடத்திலேயே கார்த்தி கோல் போட்டார். ஆட்டம் 1-1 என முடிந்தது. தொடரில் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது.

ஃபுல்டனின் கொள்கை எளிமையானது: வெல்ல வேண்டுமானால் முதலில் தடுக்கத் தெரிய வேண்டும். தாக்குதலில் பெயர் வாங்கிய இந்திய ஹாக்கிக்கு இது சற்றுக் கசப்பான மருந்துதான். கோல் போடுவதற்காக அணிக்கு வந்த முன்கள வீரரும் பந்து பறிபோன கணமே திரும்பி ஓடி எதிரணியின் பாதையை அடைக்க வேண்டும். ஒரு முன்கள வீரரின் மதிப்பு கோல் கணக்கோடு முடிந்துவிடாது என்பதுதான் இந்த முறையின் சாரம்.

அதன் முதல் பெரிய சோதனை சென்னையில் நடந்தது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் 2007 ஆசியக் கோப்பைக்குப் பிறகு, 16 ஆண்டுகள் கழித்து ஒரு பெரிய சர்வதேசத் தொடர் வந்தது. ஆகஸ்ட் 3 முதல் 12 வரை ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை, ஆறு அணிகள். சீனாவை 7-2, மலேசியாவை 5-0, கொரியாவை 3-2, பாகிஸ்தானை 4-0 என இந்தியா வென்றது. ஜப்பானோடு மட்டும் 1-1 டிரா. ஐந்து லீக் ஆட்டங்களில் 20 கோல் போட்ட அணி ஐந்துதான் வாங்கியது. மலேசியாவுக்கு எதிரான முதல் கோலும், அரையிறுதியில் ஜப்பானை 5-0 என வீழ்த்தியபோது கடைசி கோலும் கார்த்தியுடையவை. சொந்த மாநிலத்து ரசிகர்கள் முன்னால் இப்படி ஆடும் வாய்ப்பு தமிழக ஹாக்கி வீரர்களுக்கு அரிதாகவே அமைந்திருக்கிறது.

இறுதி ஆட்டத்தில் அந்தத் தடுப்பே குலைந்தது. இடைவேளையின்போது மலேசியா 3-1 என முன்னிலையில் இருந்தது. பதறி முன்னால் பாயாமல் பந்தைத் தன்வசம் வைத்து நெருக்கிக்கொண்டே இருந்தது இந்தியா. 45-வது நிமிடத்தில் பெனால்டி ஸ்ட்ரோக்கில் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்கும், அடுத்த சில நொடிகளில் குர்ஜந்த் சிங்கும் கோல் போட, ஆட்டம் சமனானது. 56-வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் வெற்றி கோலை அடித்தார். 4-3, இந்தியாவுக்கு நான்காவது பட்டம்.

ஹாங்சூ ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான அணி அறிவிக்கப்பட்டபோது கார்த்தி பெயர் அதில் இல்லை. சென்னையில் கோப்பையை வென்று தந்த ஆகாஷ்தீப்புக்கும் இடமில்லை. கடுமையான முடிவுதான், அரியலூருக்கு அது வலித்திருக்கும். ஆனால் நேற்றைய கோலுக்காக யாருக்கும் இடம் ஒதுக்கப்படாது என்பது அணிக்குத் தெளிவானது. ஹாங்சூவில் ஜப்பானை 5-1 என வென்று தங்கத்தோடு பாரிஸ் ஒலிம்பிக் தகுதியையும் பெற்ற அந்த அணி, 2024-இல் பாரிஸில் ஸ்பெயினை 2-1 என வீழ்த்தி வெண்கலம் வென்றது.