கிப் கருவி வாயுவும் சிறுநீரகமும்

ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று சொன்னாலே என் பழைய பிளஸ் டூ மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இரும்பு சல்ஃபைடின் மேல் நீர்த்த அமிலம் விட்டு, கிப் கருவியில் தயாரிக்கும் அழுகிய முட்டை வாயு. நாறுகிற வரைக்கும்கூடப் பரவாயில்லை. செறிவு ஏறினால் மூக்கு மரத்து, வாடையே தெரியாது. பாதாளச் சாக்கடைக்குள் இறங்கியவர்களைப் பலி வாங்கும் வாயுக்களில் இதுவும் ஒன்று. இறக்கிவிடுகிறவர்களுக்கு இது தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

இதே வாயுவை நம் உடம்பும் சிறிதளவு தயாரிக்கிறது. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து சில நொதிகள் இதை உண்டாக்குகின்றன. மூளையில் இதற்கு வேலை உண்டு என்று 1996இல் ஜப்பானியரான ஹிடியோ கிமுராவும் சக ஆய்வாளரும் எழுதினார்கள். 2001இல் ஆய்வாளர் ரூய் வாங்கின் குழு ரத்தக்குழாயைப் பார்த்தது. குழாய்ச் சுவரின் தசைச் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்களை இந்த வாயு திறக்கிறது. தசை தளர்ந்து குழாய் விரிகிறது. இதைத் தயாரிக்கும் ஒரு நொதியின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியதை அவர்கள் 2008இல் காட்டினார்கள்.

"பூண்டுலயும் இதுதானாமே சார்? பச்சையா தின்னா டயாலிசிஸ் வேணாமா?" என்று டயாலிசிஸ் செய்துகொள்ளும் எங்கள் தெருக்காரர் கேட்டார். பூண்டின் கந்தகச் சேர்மங்களை மனித ரத்தச் சிவப்பணுக்கள் இந்த வாயுவாக மாற்றுவதை 2007இல் அமெரிக்காவின் அலபாமாவில் கண்டது உண்மைதான். அது ஆய்வகத்தில் எடுத்து வைத்த ரத்தம். "குழம்புல போடுங்க, டயாலிசிஸை மட்டும் விட்டுடாதீங்க" என்றேன்.

வாயுவை அளந்து கொடுப்பதுதான் சிக்கல். அதனால் உடலுக்குள் போய் இதை மெல்ல வெளிவிடும் மருந்துகளைத் தேடுகிறார்கள். அதில் ஒன்று சோடியம் தயோசல்ஃபேட். பழைய போட்டோ ஸ்டூடியோக்களின் 'ஹைப்போ'வேதான்! டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குத் தோலின் நுண்குழாய்களில் கால்சியம் படிந்து புண்ணாகும்போது மருத்துவர்கள் இதை ஏற்றுவதுண்டு. ஆனால், நெதர்லாந்தில் மாரடைப்பு வந்த 380 பேரிடம் நடந்த சோதனையில் இதனால் இதயத் தசையின் சேதம் குறையவில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது உறுப்பு மாற்று சிகிச்சை. எடுத்த சிறுநீரகம் ரத்தமில்லாமல் காத்திருக்கும்போதும், மறுபடி ரத்தம் பாயும்போதும் செல்கள் சாகின்றன. கனடாவின் லண்டன் நகரத்தில், இந்த வாயுவைத் தரும் உப்பைக் குளிர்கரைசலில் சேர்த்து எலிச் சிறுநீரகங்களை 24 மணி நேரம் வைத்தார்கள். அவற்றைப் பொருத்திக்கொண்ட எலிகள், உப்பு சேர்க்காத கரைசலில் வைத்த சிறுநீரகம் பெற்ற எலிகளைவிடக் கூடுதலாகப் பிழைத்தன. உறுப்பு வெளியே இருப்பதால் அளவைக் கட்டுப்படுத்தலாம், பொருத்துமுன் கழுவியும் விடலாம். பன்றிச் சிறுநீரகங்களிலும் இப்படிச் சோதித்திருக்கிறார்கள்.