பழைய டபிள் கேப்பும் அளந்து பார்க்கும் பழக்கமும்

இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதியதை வாங்கிப் பழையதைக் கைவிடும் வழக்கம் அந்த ஐந்தாண்டுகளில் நின்றுபோனமையால், 1990களில் ஜப்பானிலிருந்து வந்திறங்கிய டீசல் பிக்கப்புகள், பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டிய வயதில் முழுநேர வேலைக்குத் திரும்பின. அவற்றின் விலையும் வயதோடு சேர்ந்தே ஏறிற்று. நுகேகொடை, தெல்கந்தை, மகரகமை என ஹைலெவல் வீதியை ஒட்டி நீளும் கொழும்பின் புறநகரில் சீமெந்து மூட்டை ஏற்றுவதும், மரக்கறி இறக்குவதும், விடுமுறையில் குடும்பத்தை மலைநாட்டுக்கு அழைத்துச் செல்வதும் ஒரே வாகனமாக இருக்கும் வீடுகளுக்கு, முப்பது வயதான டபிள் கேப்பைப் பேணுவது பழம்பொருள் மோகமன்று, வீட்டுக் கணக்கு. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவை எட்டியபின், டீசலைத் தெளிக்கும் நொசில் ஒழுகி வீணாக்கும் எரிபொருளும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது.

முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை இருக்கைகளும் அவற்றின் பின்னால் திறந்த சுமைப்பெட்டியும் கொண்ட இவ்வகை வாகனங்களில், இலங்கை வீதிகளில் நீடித்து நிற்பவை பெரும்பாலும் டொயோட்டா ஹைலக்ஸின் 1988இல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறையும் 1997இல் வெளிவந்த ஆறாம் தலைமுறையுமாகும். அவற்றில் 2446 கன செ.மீ. கொள்ளளவுள்ள 2எல், 2779 உள்ள 3எல், 2986 உள்ள 5எல் ஆகிய எஞ்சின்கள் காணப்படும்; மிட்சுபிஷி எல்200இல் 2477 கன செ.மீ. 4டி56 எஞ்சினும், நிசானில் 2663 கன செ.மீ. டிடி27 எஞ்சினும் இருக்கும். எல்லாம் நான்கு சிலிண்டர் கொண்டவை. கணினியின் கட்டுப்பாடின்றி, சுழலும் ஒரு பம்பின் விசையால் மட்டுமே டீசலைப் பகிர்ந்தளிப்பவை.

பெற்றோல் எஞ்சினில் தீப்பொறி கலவையைப் பற்றவைக்க, டீசல் எஞ்சினிலோ காற்று மட்டும் உள்ளிழுக்கப்பட்டு, ஏறத்தாழ 22இல் ஒரு பங்காக அழுத்தப்பட்டு, அந்த அழுத்தத்தால் எழும் வெப்பத்தில் டீசல் தெளிக்கப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. ருடோல்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க்கில் இயக்கிக் காட்டிய தத்துவம் இன்றும் இதுவே. மேற்சொன்ன எஞ்சின்களில் தெளிப்பு, சிலிண்டருக்குள் நேரடியாக நிகழாமல், சிலிண்டர் ஹெட்டில் குடையப்பட்ட ஒரு சிறு சுழலறையில் நிகழ்கிறது. காலையில் குளிர்ந்திருக்கும் அவ்வறையைச் சூடேற்றுவதே ஹீட்டர் பிளக்கின் வேலை. ஆகவே காலையில் எடுக்க மறுத்து, எடுத்தபின் நாள் முழுவதும் நன்றாக ஓடும் வாகனத்தில் முதலில் ஐயுறவேண்டியது ஹீட்டர் பிளக்கையும் அதன் ரிலேயையும்தானேயன்றி எஞ்சினை அன்று.

ஹீட்டர் பிளக்கின் பழுதுக்கும் எஞ்சினின் பழுதுக்கும் இடையிலான இந்த வேறுபாடு பல கராஜ்களில் கவனிக்கப்படுவதில்லை என்பதே முதன்மையான குறை. மருதானைக்கு அருகே பஞ்சிகாவத்தையில், ஜப்பானில் கழற்றப்பட்ட முழு எஞ்சின்கள் கடைவாசலில் அடுக்கப்பட்டிருக்கும் நாட்டில், பழுதின் மூலத்தைத் தேடுவதைவிடப் பாகத்தை மாற்றிவிடுவது இலகுவாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் அப்படி வாங்கும் எஞ்சினின் வரலாறு யாருக்கும் தெரியாது. தெரிந்த நோயுள்ள எஞ்சினைக் கொடுத்துத் தெரியாத நோயுள்ளதை வாங்கும் பேரமாகவே அது பல வேளைகளில் முடிகிறது. மாற்றுவதற்கு முன் அளக்கவேண்டியவை இரண்டு. முதலாவது கொம்ப்ரெஷன் எனப்படும் சிலிண்டர் அழுத்தம். ஹீட்டர் பிளக்கைக் கழற்றி அத்துளையில் மானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினால், நல்ல எல் வகை எஞ்சின் 30 பார் அளவைக் காட்டும். 20க்குக் கீழே இறங்கினாலோ, ஒரு சிலிண்டருக்கும் மற்றொன்றுக்கும் இடையே 5 பாருக்கு மேல் வேறுபட்டாலோதான் எஞ்சினைத் திறக்கும் பேச்சுக்கு இடமுண்டு. இரண்டாவது நொசில். நொசிலைக் கைநெம்புகோல் கொண்ட சோதனைக் கருவியில் பூட்டி அழுத்தும்போது, குறித்த அழுத்தத்தை எட்டியதும் ஒரு சிறு கீச்சொலியோடு டீசல் பனிப்புகைபோல் விரிந்து வரவேண்டும். அதற்கு முன்பே நுனியில் துளி திரண்டு சொட்டினால், எஞ்சினுக்குள்ளும் அது அவ்வாறே சொட்டிக்கொண்டிருக்கிறது. டீசல் பம்ப் திருத்தும் பட்டறையில் அரை நாளில் முடியும் இச்சோதனைகளைத் தவிர்த்துவிட்டு எஞ்சின் மாற்றியவர்கள், பழைய நொசில்களையே புதிய எஞ்சினிலும் பூட்டிக்கொண்டு அதே கரும்புகையோடு திரும்பி வருவது உண்டு.

புகையும் ஓர் அளவுகோலே. சுமையோடு ஏற்றம் ஏறும்போது மெல்லிய கரும்புகை வருவது இவ்வகை எஞ்சினுக்கு இயல்பு. சமதரையிலும் கரும்புகை வந்தால் காற்று வடி அடைபட்டிருக்கிறது, அல்லது நொசில் மிகையாகத் தெளிக்கிறது, அல்லது யாரோ பம்பின் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டியிருக்கிறார்கள். நீலப்புகை, பிஸ்டன் வளையத்தையோ வால்வு சீலையோ கடந்து ஒயில் எரிகிறது என்பதன் அடையாளம். வெண்புகையைப் பற்றித்தான் குழப்பம் அதிகம்: காலையில் சில நிமிடம் கண்ணைக் கரிக்கும் நெடியோடு வந்து மறைவது எரியாத டீசல், சூடான பின்பும் நெடியின்றித் தொடர்ந்து வந்து, ரேடியேற்றரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் அது நீராவி, அதாவது ஹெட் கேஸ்கட்டோ ஹெட்டோ போய்விட்டது. 2008 முதல் நடைமுறையிலுள்ள வாகனப் புகைப் பரிசோதனை, புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. காரணத்தைச் சொல்வது அதன் வேலையன்று. ஆயினும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் எடுக்கும் அந்த அறிக்கைகளைச் சேர்த்து வைத்தால், எஞ்சின் தேய்ந்துவரும் போக்கு எண்களில் தெரியும். பரிசோதனைக்கு முதல்நாள் மட்டும் டீசலைக் குறைத்துவைத்து மறுநாள் கூட்டிக்கொள்ளும் கைவேலை, அந்தத் தகவலைத் தனக்குத்தானே மறைத்துக்கொள்வதாகும்.

சுழலும் பம்புக்குத் தனியாக ஒயில் இல்லை; அதன் உள்ளுறுப்புகள் அனைத்துக்கும் உராய்வைத் தணிப்பது அதனூடே பாயும் டீசலே. டீசலில் தண்ணீர் கலந்தால் துருவும், மண்ணெண்ணெய் கலந்தால் வழுவழுப்பின்மையும் பம்பைத் தின்றுவிடும். 2022 ஆகஸ்டில் 340 ரூபாவாக உயர்த்தப்படும்வரை மண்ணெண்ணெய் 87 ரூபாவாகவும் டீசல் அதைப்போல் ஐந்து மடங்காகவும் இருந்த வாரங்களில், இரண்டையும் கலந்து ஓடிய வாகனங்கள் அன்று மிச்சப்படுத்திய பணத்தைப் பின்னர் பம்ப் பட்டறையில் செலுத்த நேர்ந்தது. தண்ணீரைப் பொறுத்தமட்டில் பரிகாரம் உரிமையாளரின் கையிலேயே உள்ளது. டீசல் வடியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் திருகும், மேலே கட்டைவிரலால் அமுக்கக்கூடிய ஒரு கைப்பம்பும் இருக்கும். வாகனம் இரவு முழுவதும் நின்றபின், ஒரு கண்ணாடிப் போத்தலைக் கீழே பிடித்து, திருகைச் சிறிது தளர்த்தி, கைப்பம்பை நாலைந்து தடவை அமுக்கினால், போத்தலில் இறங்குவதில் தண்ணீர் அடியிலும் டீசல் மேலுமாகத் தெளிவான கோட்டோடு பிரிந்து நிற்கும். அடியில் எதுவும் தங்காத வரையில் இதைத் தொடர்ந்துவிட்டுத் திருகை இறுக்கவேண்டும். வடியை மாற்றியபின் எஞ்சின் எடுக்காமல் போனால், குழாயில் சிக்கிய காற்றே காரணம்; அதே கைப்பம்பு இறுகும்வரை அமுக்கினால் பெரும்பாலும் தீரும். பற்றரி இறங்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றுவது இதற்கு மருந்தன்று.

எஞ்சின் ஒயிலை 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதற்கும் டீசலே காரணம். அதிலுள்ள கந்தகம் எரிந்து, நீராவியோடு சேர்ந்து அமிலமாகி ஒயிலுக்குள் இறங்குகிறது. அதை முறிக்க ஒயிலில் சேர்க்கப்பட்டிருக்கும் காரச்சத்து தீர்ந்தபின் ஒயில் பார்வைக்கு வழுவழுப்பாக இருந்தாலும் பெயரிங்குகளை அரிக்கத் தொடங்கும். டீசல் எஞ்சினில் ஒயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடுவதால், நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பவர் ஏமாறுவார்.

எல் வகை எஞ்சின்களின் உயிர்நிலை குளிரூட்டலில் உள்ளது. அளவுக்கு மீறிச் சூடேறினால் வால்வுகளுக்கு இடையிலும் சுழலறையின் ஓரத்திலும் ஹெட் வெடிப்பது இவற்றின் நெடுநாளைய பலவீனம். டர்போ பூட்டிய 2எல் எஞ்சின்கள் இதில் பேர்போனவை. ரேடியேற்றரின் செதில்களுக்கிடையே சேறும் பூச்சியும் அடைந்திருப்பது, காற்றாடியின் நடுவிலுள்ள சிலிக்கன் கிளச் வலுவிழந்திருப்பது, குழாய்த் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றியதால் உட்பாதைகளில் துரு படிந்திருப்பது ஆகியவை சூட்டுக்கான வழக்கமான காரணங்கள். இவற்றைத் தேடாமல், ‘எங்கள் நாட்டுக்கு இது தேவையில்லை’ என்று தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் கராஜ்களில் இன்னும் உள்ளது. தேர்மோஸ்டாட் என்பது எஞ்சின் உரிய சூட்டை அடையும்வரை தண்ணீரை உள்ளேயே சுழலவிட்டு, பின் ரேடியேற்றருக்குத் திறந்துவிடும் கதவு. பல டொயோட்டா எஞ்சின்களில் அது ரேடியேற்றருக்கான பாதையைத் திறக்கும்போதே உள்வட்டப் பாதையை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றினால் உள்வட்டம் எப்போதும் திறந்திருந்து, சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றரைப் பார்க்காமலே திரும்பிவிடும். குளிர்ச்சிக்காகச் செய்த வேலை ஏற்றத்தில் எஞ்சினை மேலும் சூடாக்குவது இதனால்தான்.

டைமிங் பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல் வகையிலும் 4டி56இலும் ஒரு லட்சம் கிலோமீற்றரில் அதை மாற்றவேண்டும். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். பற்சக்கரங்களால் இயங்கும் டிடி27க்கு இந்தக் கவலையில்லை. ஓடிய தூரத்தைக் காட்டும் மானி திருப்பிவைக்கப்பட்டிருக்கக்கூடிய பழைய வாகனத்தில் அந்த எண்ணை நம்பாமல், வாங்கியவுடன் பெல்ட்டை மாற்றிவிட்டுத் திகதியைக் குறித்துவைப்பதே முறை.

2000களின் நடுப்பகுதியில் வந்த ஹைலக்ஸ் விகோ போன்றவை வேறொரு உலகத்தைச் சேர்ந்தவை. அவற்றிலுள்ள கொமன் ரெயில் முறையில், ஒரு பொதுக்குழாயில், சுமையின்போது ஆயிரம் பாரையும் தாண்டும் உயரழுத்தத்தில் டீசல் எப்போதும் தயாராக நிற்க, கணினி ஒவ்வொரு இன்ஜெக்டரையும் மின்சாரத்தால் திறந்து மூடுகிறது. பழைய நொசில் திறப்பதோ 100 முதல் 150 பாரில். இவற்றின் 1கேடி எஞ்சினில் இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வளையம் கசிந்தால், எரிந்த வாயு ஒயிலுக்குள் புகுந்து, கரி திரண்டு, ஒயிலை உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். ஒயிலின்றி எஞ்சின் இறுகியபின் சில நூறு ரூபா வளையத்தை நினைத்துப் பயனில்லை. கந்தகம் குறைந்த சுப்பர் டீசலின் விலை இத்தகைய எஞ்சினுக்கு நியாயமானதே.

எஞ்சினுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதிகூட பிறேக்குக்குக் கிடைப்பதில்லை. நுகேகொடையைக் கடந்து செல்லும் அதே ஏ4 வீதி, இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி, பெரகலையிலிருந்து கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி கடந்து வெல்லவாயாவுக்கு வளைந்து வளைந்து இறங்கி, இறுதியில் மட்டக்களப்பில் முடிகிறது. அந்த இறக்கத்தில் சுமையேற்றிய பிக்கப்பைப் பிறேக்கினால் மட்டும் கட்டுப்படுத்துபவர், பிறேக் எண்ணெயைக் கொதிக்க வைக்கிறார். டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த எல்லை 140 அளவுக்கு இறங்கிவிடுகிறது. கொழும்பின் ஈரக்காற்றில் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டியது கட்டாயம், இறக்கத்தில் இரண்டாம் மூன்றாம் கியரில் இறங்கவேண்டியதும் அவ்வாறே. இன்னொன்றும் உண்டு. பின்னச்சுக்கு மேலே உள்ள சுமை உணர் வால்வு, பின்பகுதி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு பின் பிறேக்குக்கான அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அதிக பாரம் ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகளைச் சேர்க்கும்போது, ஒரு தொன் ஏற்றினாலும் பின்பகுதி தாழாமையால், வாகனம் வெறுமையாக இருப்பதாகவே வால்வு எண்ணிப் பின் பிறேக்கைக் குறைத்துவிடும். பட்டை சேர்ப்பவர்களில் வால்வின் தண்டைச் சீரமைப்பவர் மிகச் சிலரே.

2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்கியதுபோன்ற வேளைகளில், உயரமான வாகனம் என்ற துணிவில் தண்ணீருக்குள் இறக்கப்படும் பிக்கப்புக்கு இரண்டு ஆபத்துகள் உள்ளன. காற்றுக்குழாய் வழியே சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அழுத்தத்துக்குச் சுருங்காமையால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். தண்ணீருக்குள் நின்றுபோன எஞ்சினை மீண்டும் எடுக்க முயலாமல் இழுத்துச் செல்வதே வழி. மற்றது மறைவானது: சூடான கியர்பொக்ஸும் டிஃபரன்சலும் குளிர்ந்த நீரில் திடீரெனக் குளிரும்போது, சுவாசத்துளை வழியே தண்ணீரை உள்ளிழுக்கும். மறுநாள் அடைப்பைத் திறந்து பார்க்கையில் ஒயில் வெளிறிப் பால் கலந்ததுபோல் இருந்தால் உடனே மாற்றவேண்டும்.

பழைய பிக்கப்பை வாங்க நினைப்பவர் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் சஸியைப் பார்ப்பது நல்லது. வெள்ளவத்தை போன்ற கடலோரத்தில் இரவில் நிறுத்தப்பட்ட வாகனங்களில், சுமைப்பெட்டிக்கு அடியிலும் பின் ஸ்பிரிங் தொங்கும் இடத்திலும் உப்புக்காற்று இரும்பை அடுக்கடுக்காக உரிக்கிறது. புதிதாகத் தடித்த கறுப்புப் பூச்சு அடிக்கப்பட்டிருந்தால் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, மணியோசை வருகிறதா மந்தமான ஓசை வருகிறதா என்று கேட்கவேண்டும். எஞ்சின் மாறியிருந்தால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுசெய்து சரிப்படுத்தலாம். வாகனத்தின் அடையாளம் சஸி எண்ணே. ஹைலக்ஸில் அது வலப்புற முன்சில்லுக்கு அருகே சஸியில் பொறிக்கப்பட்டிருக்கும். கம்பித் தூரிகையால் சேற்றை நீக்கி, அந்த எண்ணைப் பதிவுப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, மெல்லிய கிரீஸ் பூசி விடுவதற்குப் பத்து நிமிடம் போதும். துருவேறி எழுத்து அழிந்துபோன வாகனத்தை, எஞ்சின் எத்தனை நன்றாக இருப்பினும், வேறொருவர் பெயருக்கு மாற்றுவது பெரும்பாடு.