திண்ணைப் பள்ளியில் ஒரு நாள்

முற்காலப் பள்ளி வாழ்க்கையை மாணாக்கர் உணரும் பொருட்டு, அக்காலத்தவரைப் போல் உடுத்தி ஒரு நாள் பாடம் பயிலச் செய்வது நற்பயன் தருவதாகும். நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும் இதனை மேற்கொள்ளலாம். ஆனால், வாடகை உடைக்குப் பணம் கொணரச் சொன்னால் ஏழைக் குழந்தை அன்று வீட்டிலேயே தங்கிவிடும். செல்வ வேற்றுமை தோன்றாதிருக்கவே சீருடை ஏற்பட்டது; அந்நோக்கத்தை ஒரு நாள் விழா கெடுத்துவிடலாகாது. ஆகவே, செலவின்றி இதனை நடத்தும் முறையையும், இதனால் மாணாக்கர் அறிய வேண்டுவது யாது என்பதையும் விளக்குவோம்.

நம் சிற்றூர்களுக்கு ஏற்றது திண்ணைப் பள்ளிக்கூடமே. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணம் முழுவதிலும் பள்ளிகளும் கல்லூரிகளுமாக 12,498 இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் பயின்றனர்.

திண்ணைப் பள்ளியில் சிறுவர் மணலைப் பரப்பி, எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவர். கை திருந்திய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். அதனால் உபாத்தியாயர் ஒருவரே பல நிலை மாணாக்கரையும் நடத்த முடிந்தது. எண்சுவடியில் அரைக்கால் (1/8), மாகாணி (1/16), காணி (1/80), முந்திரி (1/320) ஆகிய பின்னங்களை மனப்பாடம் செய்தனர். நிலமும் நெல்லும் அளக்கும் குடும்பங்களுக்கு இக்கணக்கு இன்றியமையாததாக இருந்தது.

சென்னை எழும்பூரில் 1789 முதல் ஆதரவற்ற சிறுவர் இல்லப் பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையைப் பற்றி 1797-இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் பரவிய அம்முறைக்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வழங்கிற்று.

இனி, நடத்தும் முறையைக் காண்போம். வீட்டிலுள்ள வேட்டி, துண்டு, பாவாடை, சேலை ஆகியவையே போதும். அவை இல்லாதவர் சீருடையிலேயே வரலாம். சலித்த மணல் சில கூடையும் பனையோலை சிலவும் ஊரிலேயே கிடைக்கும். எழுத்தாணி கூரியதாகையால் ஆசிரியர் மட்டுமே எழுதிக் காட்டுதல் நலம். கீறிய ஓலையில் கரி பூசித் துடைத்தால் எழுத்து துலங்குவதைப் பிள்ளைகள் வியந்து காண்பர். சட்டாம்பிள்ளைப் பொறுப்பை மணிக்கொருவராக, பெண்களுக்கும் அளிக்கலாம். பிரம்படி போன்ற அக்காலத் தண்டனைகளைச் சொல்லலாமேயன்றி நடித்துக் காட்டலாகாது. சாதியைக் குறிக்கும் வேடம் எதுவும் வேண்டா.

முடிவில் ஆசிரியர் ஓர் உண்மையை மறவாது எடுத்துரைக்க வேண்டும். மன்றோவின் கணக்கில் பெண்கள் 4,540 பேரே. அதாவது ஏறத்தாழ 40 பேருக்கு ஒருவர். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் பலருக்கும் அத்திண்ணை எட்டாததாகவே இருந்தது. வரலாற்றை உள்ளபடியே நடித்தால், இன்று வகுப்பில் இருப்போரில் பெரும்பாலோர் வெளியே நிற்க நேரிடும். எனினும் ஒரு குழந்தையையும் வெளியே நிறுத்த வேண்டா. குலம் வினவவும் வேண்டா. அனைவரும் ஒரே மணலைச் சுற்றி அமர்ந்திருக்கும்போதே இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும். முன்னோரின் கல்வித் திறமும் அதன் குறையும் ஒருங்கே விளங்கும்.

உடை மாலையில் களையப்படும். இவ்வறிவு நிலைத்து நிற்கும். தலைமை ஆசிரியர்களும் பெற்றோரும் ஊராட்சி மன்றத்தினரும் ஒன்றுகூடி இந்நாளை நடத்துவார்களாக. அன்று எக்குழந்தையும் வீட்டில் தங்காதிருப்பதே அதன் வெற்றிக்கு அளவுகோல்.