லாரியேறும் சாம்பல்சத்து

சம்பா அறுத்துவிட்டுப் பெல்ட் வண்டி கரையேறிய மறுநாளே தஞ்சை வயல்களுக்கு வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்துவிடுகிறது. உருட்டிய கட்டுகள் மாட்டுத் தீவனமாகக் கேரளம் வரை போகின்றன. கையில் உடனே காசு. கணக்குப் பார்ப்பவர் குறைவு. ஒரு டன் வைக்கோலில் சுமார் 12 முதல் 17 கிலோ பொட்டாசியம், அதாவது சாம்பல்சத்து, இருக்கிறது. நெற்பயிர் உறிஞ்சிய சாம்பல்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தாளில்தான் தங்குகிறது. அதை விற்றுவிட்டு, பெரும்பாலும் கப்பலில் வந்திறங்கும் பொட்டாஷை மூட்டையாக வாங்குகிறோம்.

முன்பு காவிரி வண்டல் கொஞ்சம் ஈடுகட்டியது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் பெரும்பகுதி அங்கேயே படிந்துவிடுகிறது. கோடையில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் போடும் ஆட்டுக்கிடை இன்றும் உண்டு. கொல்லைப்புற எருக்குழிதான் மாடுகளோடு சேர்ந்து மறைந்துவிட்டது.

'அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு' என்ற பழமொழியை அடிக்கடி சொன்னவர், இதே மாவட்டத்து இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். ஆனால் முழு வைக்கோலையும் பச்சையாக மடக்கி உழுதால் வேறு தொல்லை. அதில் கரிமம் மிகுதி, தழைச்சத்து சொற்பம். மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, இளநாற்று மஞ்சளடிக்கும். தேங்கிய நீருக்கடியில் அழுகினால் மீத்தேனும் கிளம்பும். எனவே வெளியே மட்கவைத்துப் போடுவதே நல்லது.

உபதேசிப்பவர்கள் மறப்பது பருவத்தை. குறுவை அறுத்துத் தாளடி நடச் சில வாரங்களே. மேலே ஐப்பசி மழை. அந்த நேரத்தில் தாளைக் கொளுத்துகிறவரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் சம்பா அறுத்தபின் மாசியில் வைக்கோல் காய்ந்து கிடக்கும். மேட்டூர் திறக்கும் ஜூன் 12க்குள் மூன்று மாதத்துக்கு மேல் அவகாசம். போர் மட்க அது போதும்.

வயலில் உளுந்து முளைத்திருக்கும் என்பதால் களத்து மேட்டில், நிழல் பார்த்துப் போட வேண்டும். ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல் பரப்பிச் சாணிக்கரைசல் தெளித்து, மேலே மேலே அடுக்கி இடுப்பளவு எழுப்பலாம். சில நாளில் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. இந்தூரில் 1924 முதல் 1931 வரை இருந்த ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் உலகுக்குச் சொன்ன முறையும் ஏறத்தாழ இதுதான்.

புரட்டத்தான் ஆள் இல்லை. பசுந்தாள் உர விதைக்கு மானியம் தரும் அரசு, வைக்கோல் நறுக்கிப் புரட்டும் இயந்திரத்தையும் ஊருக்கு ஒன்றாக வாடகைக்கு விட்டால், விளைந்த வைக்கோலில் பாதியையாவது விற்காமல் வைத்துக்கொள்ள உழவருக்கு மனம் வரும்.