கைப்பேசி விளையாட்டுகளின் திரையமைப்பு: எளிமை எங்கே வலையாக மாறுகிறது?

புதுதில்லி: கைப்பேசியில் புதிய விளையாட்டைத் தரவிறக்கம் செய்தவர், எங்கே தொடுவது என்று தெரியாமல் திகைத்தால், அதை நீக்கிவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடுகிறார். இலவசமாகக் கிடைப்பதால் அவருக்கு இழப்பில்லை. போட்டி விளையாட்டுகளோடும் முடிவதில்லை. எச்பிஓ தொலைக்காட்சியைவிட 'ஃபோர்ட்நைட்' விளையாட்டுடனேயே தாங்கள் அதிகம் போட்டியிட்டுத் தோற்பதாக நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் 2019-இல் பங்குதாரர்களுக்குத் தெரிவித்தது.

இப்போட்டியில் பயனர் இடைமுகம், அதாவது பொத்தான்களும் பட்டியல்களும் அடங்கிய திரையமைப்பு, முக்கியப் பங்கு வகிக்கிறது. மும்பையில் உருவாகி 2016-இல் வெளியான 'லூடோ கிங்' இதற்குச் சான்று. பகடையைத் தொட்டால் உருளும்; காயைத் தொட்டால் நகரும். தாயம் ஆடிப் பழகிய பாட்டிக்கும் விளக்கம் தேவையில்லை. 2020 பொதுமுடக்கத்தின்போது வெவ்வேறு ஊர்களில் இருந்த குடும்பத்தினர், அறை எண்ணைப் பகிர்ந்து ஒன்றாக ஆடினர்.

'பப்ஜி மொபைல்' இதற்கு நேர் எதிரானது. ஓட, குனிய, குறிபார்க்க, சுட எனத் திரை முழுவதும் பொத்தான்கள். எனினும், அவற்றை விரலின் வசதிக்கேற்ப இடம் மாற்றிக்கொள்ளலாம். அவ்வாறு பழகிய கை வேறொன்றுக்கு எளிதில் மாறுவதில்லை. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு அதற்குத் தடை விதித்தது. 2021 ஜூலையில் 'பிஜிஎம்ஐ' என்ற பெயரில் இந்தியப் பதிப்பு வந்தபோது, பழைய கணக்கின் விவரங்களை அப்படியே கொண்டுவரும் வசதியும் அளிக்கப்பட்டது.

உள்ளே வரும் வழி அகலமாகவும் வெளியேறும் வழி குறுகலாகவும் இருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 'வாங்கு' பொத்தான் பளிச்சென்று ஒளிரும். விளம்பரத்தை மூடும் குறியோ கடுகளவே இருக்கும். பெற்றோரின் கைப்பேசியில் ஆடும் சிறுவனுக்கு, அடுத்த தொடுதலில் செலவாவது உண்மையான பணம் என்பது புரிவதில்லை.

'டார்க் பேட்டர்ன்' எனப்படும் இத்தகைய ஏமாற்று வடிவமைப்புகளில் 13 வகைகளைப் பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி வழிகாட்டுதல்களை அறிவித்தது. பொய்யான அவசரத்தை உருவாக்குதல், சந்தாவிலிருந்து விலக முடியாமல் சிக்கவைத்தல், மறைமுக விளம்பரம், ஓயாத நச்சரிப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும். இந்தியாவில் பொருள் அல்லது சேவை வழங்கும் அனைத்துத் தளங்களுக்கும் இவை பொருந்தும்.

ஆனால், ஒரு நாள் வராவிட்டால் பரிசு பறிபோகும் என்ற தினசரி வெகுமதி முறை அப்பட்டியலில் தனி வகையாக இடம்பெறவில்லை. பிள்ளைகளை மீண்டும் மீண்டும் இழுப்பது பெரும்பாலும் அதுவே.

ஏமாற்றிப் பணம் பெறப்பட்டதாகக் கருதுவோர், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம்.